சார், சத்தம் கேட்கலை: பாட வீடியோக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பாடம் நடத்தி, பதிவு செய்து, ஏற்றி, லிங்க் அனுப்பி முடித்ததும் வகுப்புக் குழுவில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் இதுதான்: "சார், சத்தம் கேட்கலை." இல்லாவிட்டால், "ஓப்பன் ஆகலை மேம்." நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டதையும், அப்புறம் துறை துறையாகச் சக ஆசிரியர்களின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சரிசெய்ததையும் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: பதிவில், ஏற்றிய இடத்தில், அல்லது மாணவர் கையில் உள்ள போனில். பதிவை முதலில் உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். அங்கேயே கெட்டிருந்தால் பதிவில்தான் பிழை. லேப்டாப்பில் நன்றாக இருக்கிறது, லிங்க் வழியாகப் பார்த்தால் கெட்டுவிடுகிறது என்றால் ஏற்றிய இடத்தில் பிழை. அறுபது பேரில் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் அவர்கள் போனில். லிங்க்கைச் சோதிக்கும்போது கல்லூரி வைஃபையில், உங்கள் கல்லூரிக் கணக்கில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். பழைய போன் ஒன்றில், சிம் டேட்டாவில், மலிவான இயர்போன் மாட்டிப் பாருங்கள். மாணவர் பார்ப்பது அப்படித்தான். இதற்காகவே என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் எப்போதும் சார்ஜில் இருக்கிறது.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

எல்லாக் கோளாறுகளிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் தெளிவில்லை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் மூடிவிடுவார்.

பலரும் உடனே விலை கூடிய மைக் வாங்கப் போகிறார்கள். காரணம் மைக்கின் விலை அல்ல, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறையும். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆகவே தள்ளிப் போகப் போக மைக்குக்குக் கிடைப்பது உங்கள் குரல் அல்ல, அறையின் குரல். கடைசி பெஞ்சில் ஸ்டாண்ட் போட்டுப் போனை நிறுத்திவிட்டுக் கரும்பலகைப் பக்கம் நின்று பேசினால் கிணற்றுக் குரல்தான் வரும்.

அறை எப்படி என்று தெரிந்துகொள்ள, நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகும் ஒலி ஒரு வால் போல இழுத்துக்கொண்டு நின்றால் அந்த அறை பதிவுக்கு ஆகாது. மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள வகுப்பறைகள் எல்லாம் இப்படித்தான். எங்கள் துறை நூலகத்தில், இரண்டு பக்கமும் புத்தக அலமாரி இருக்கும் மூலையில் தட்டிப் பார்த்தேன், வால் இல்லை. அன்றிலிருந்து என் பதிவெல்லாம் அங்கேதான்.

காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சட்டை என்றால் பொத்தான் பட்டையில் மாட்டிவிடலாம். சேலையில் முந்தானை மைக்கின் மேல் உரசிக்கொண்டே இருக்கும், கேட்பவர் காதில் அது மணல் கொட்டுகிற மாதிரி விழும். மடிப்பை ஊக்கு குத்துகிற இடத்தில், மடிப்பின் வெளிப்பக்கம் மைக் தெரியும்படி மாட்டி, ஒயரை மடிப்புக்குள் விட்டு, கொஞ்சம் தளர்வாக ஒரு சுற்று சுற்றி ஊக்கில் சேர்த்துக் குத்தச் சொல்வேன். அந்தச் சுற்று இருந்தால் கை அசையும்போது ஒயர் மைக்கை இழுக்காது. துப்பட்டாவுக்கும் இதே வழிதான்.

காலர் மைக் இல்லையா, இன்னொரு போன் போதும். அதில் சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒயர் இயர்போனின் மைக்கைக் காலரில் குத்திக்கொள்ளுங்கள். படம் பிடிக்கும் போன் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு கைதட்டல். எடிட்டிங்கில் அந்தத் தட்டலின் படத்தையும் ஒலியையும் ஒன்றாக வைத்தால் வேலை முடிந்தது. செலவு இல்லை, குரல் ரேடியோ போல இருக்கும்.

தலைக்கு நேர் மேலே உள்ள ஃபேனை அணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் அது கஷ்டம்தான், காலை எட்டு மணிக்கு முன்னால் பதிவை முடித்துக்கொள்ளலாம். கணினித் திரையையும் குரலையும் பதிவு செய்யும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் பயன்படுத்துகிறவர்கள் மைக்குக்கு 'நாய்ஸ் சப்ரெஷன்' ஃபில்டர் போட்டால் ஃபேன் இரைச்சல் நன்றாகவே குறையும். ஆனால் எதிரொலி அதில் போகாது. எதிரொலிக்கு மருந்து பக்கத்தில் வரும் மைக் ஒன்றுதான்.

ப்ளூடூத் இயர்போனில் பேசினால் குரல் டெலிபோன் மாதிரி தட்டையாக இருக்கிறதா? அதன் மைக்கை இயக்கியவுடன் அது அழைப்புக்கான முறைக்கு மாறிக்கொள்கிறது, தரம் அதனால் இறங்குகிறது. ஒயர் உள்ளதை மாட்டுங்கள்.

மைக் மாட்டியிருக்கிறது, ஆனால் சத்தமே பதியவில்லை

மைக்கின் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத்தில் கறுப்பு வளையம் எத்தனை? மூன்று வளையம் இருந்தால் அது செல்போனுக்கான பின். இரண்டு என்றால் கேமராவுக்கும், மைக்குக்குத் தனித் துளை உள்ள கணினிக்கும் ஆனது. ஒன்றுக்கு ஆன பின்னை மற்றொன்றில் செருகினால் உள்ளே நன்றாக உட்காரும், ஆனால் சத்தம் வராது, அல்லது எங்கோ தூரத்தில் கேட்கும். ஒன்றை மற்றொன்றாக்கும் சின்ன இணைப்பான் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும். மைக்கைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

போயா பை-எம்1 போன்ற மைக்குகளில் ஒயரின் நடுவே ஒரு பொத்தான்பெட்டி இருக்கும். போனுக்கு ஒரு பக்கம், கேமராவுக்கு மறு பக்கம். கேமராப் பக்கம் தள்ளினால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி வேலை செய்ய வேண்டும். அப்படியே தள்ளியபடி விட்டுவிட்டு அலமாரியில் வைத்தால் அடுத்த வாரம் பேட்டரி தீர்ந்திருக்கும்.

பின் சரி, பெட்டியும் சரி, அப்போதும் இல்லையென்றால் விண்டோஸின் 'ப்ரைவசி' அமைப்பில் மைக்ரோபோன் அனுமதி அணைந்திருக்கும். பிரவுசரில் என்றால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்துக் குறியை அழுத்தி அனுமதி கொடுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்று சொன்னால் ஓபிஎஸ்ஸின் 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்டீஸ்' பகுதியில் அந்த மைக்குக்கு 'மோனோ' டிக் செய்யுங்கள். அவ்வளவுதான்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

இதில் இரண்டு வகை உண்டு, முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும். முதல் நிமிடத்தையும் நாற்பதாவது நிமிடத்தையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் தாமதம் ஒரே அளவா? அப்படியென்றால் எடிட்டிங்கில் ஒலியை ஒருமுறை நகர்த்தி வைத்தால் போதும். பெரும்பாலும் ப்ளூடூத் மைக்கின் வேலை இது.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் கதை வேறு. செல்போன்கள் வினாடிக்கு 30 படம் என்று சொன்னாலும், வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து 28, 29 என்று மாறி மாறித்தான் பிடிக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீரான 30 என்று எண்ணிக்கொள்கின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்து ஒருமுறை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு எடிட் செய்யுங்கள். இரண்டு கருவிகளில் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தால், முடிக்கும்போதும் ஒரு கைதட்டல் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு தட்டலும் பொருந்தும்படி ஒலியை இழுத்துக்கொள்ளலாம்.

படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது

டியூப்லைட்தான் காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான அமைப்பில் இருந்தால் பட்டைகள் மேலும் கீழும் நகரும். கேமராவில் அல்லது வெப்கேம் அமைப்பில் 'ஆன்டி ஃப்ளிக்கர்' என்று இருப்பதை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஷட்டரைக் கையால் வைக்க முடிந்தால் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வினாடி.

கரும்பலகை திடீரென்று வெளுத்து, நீங்கள் நகர்ந்ததும் இருட்டிக்கொள்கிறதா? போன் தானாக வெளிச்சத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. திரையில் பலகையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பூட்டிக்கொள்ளும்.

பதிவு பாதியில் நின்றுவிட்டது, அல்லது கோப்பு திறக்கவே இல்லை

போனில் என்றால் நடுவில் அழைப்பு வந்திருக்கும். பதிவுக்கு முன் ஃப்ளைட் மோட். இதை ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

துறையின் கேமரா சரியாக 29 நிமிடம் 59 வினாடியில் நிற்கிறது என்றால் பழுது இல்லை. அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கேமராவை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கவரி போட்டுவந்தது. அதைத் தவிர்க்கத்தான் தயாரிப்பாளர்கள் அந்த எல்லையை வைத்தார்கள். நம் ஊர்க் கல்லூரியில் பாடம் பாதியில் அறுவதற்குக் காரணம் எங்கோ போட்ட வரி. 25 நிமிடத்தில் நீங்களே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். 4 ஜிபி ஆனதும் கோப்பு உடைந்தால் மெமரி கார்டு ஃபேட்32 முறையில் இருக்கிறது என்று பொருள். அந்த முறையில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளர முடியாது.

கணினியில் நடப்பது இன்னும் கொடுமை. ஒருமுறை வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை ஐம்பது நிமிடம் நடத்தி முடிக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போனது. டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கோப்பு இருக்கிறது, 1 ஜிபிக்கு மேல் எடையும் இருக்கிறது, எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. எம்பி4 கோப்பு தன் அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதுகிறது. அந்த அட்டவணை இல்லாமல் எந்தப் படம் எங்கே என்று பிளேயருக்குத் தெரியாது. எம்கேவி வடிவம் அப்படியில்லை, கரண்ட் போன நொடிவரை பதிந்தது கையில் இருக்கும். ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங் வடிவத்தை எம்கேவி ஆக்கிவிடுங்கள். முடித்த பிறகு 'ஃபைல்' மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் சில வினாடியில், தரம் துளியும் குறையாமல் எம்பி4 கிடைக்கும். அந்த ஐம்பது நிமிடத்தை மறுநாள் மறுபடி நடத்தினேன். முதல் முறை வந்த ஓட்டம் வரவில்லை.

ஓபிஎஸ் திரை கறுப்பாக இருக்கிறது

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் வரும். திரை ஒன்றில் ஓடுகிறது, ஓபிஎஸ் மற்றொன்றில் ஓடுகிறது. விண்டோஸ் 'டிஸ்ப்ளே' அமைப்பில் 'கிராஃபிக்ஸ்' பகுதிக்குப் போய், ஓபிஎஸ்ஸைச் சேர்த்து, 'பவர் சேவிங்' தேர்ந்து, ஓபிஎஸ்ஸை மூடித் திறங்கள்.

ஸ்லைடில் தமிழ் சிதறிவிட்டது

வீட்டில் அழகாகச் செய்த ஸ்லைடைக் கருத்தரங்கு அரங்கின் கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கின்றனவா? அது பாமினி எழுத்துரு. அதில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். வானவில்லும் பழைய பதிப்பக எழுத்துருக்களும் இதே வகைதான்.

அந்தக் கணினியில் பாமினியை நிறுவினால் அன்றைக்குப் பிழைக்கலாம். ஆனால் மாணவர் போனில் யார் நிறுவுவது? அதோடு பாமினியில் உள்ள பாடக்குறிப்பில் எந்தச் சொல்லையும் தேட முடியாது, கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது, பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் வெறும் ஆங்கில எழுத்துகளைப் படித்துக் காட்டும். இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே எனக்குப் போதும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்னும் கல்லூரிகளில் வினாத்தாள் முதல் பாடக்குறிப்பு வரை பாமினி ஓடிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மாற்றுவது கடினமில்லை. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி ஒன்றில் பழைய எழுத்தை ஒட்டி, யூனிகோடாக வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துவிட வேண்டும். இடையே வரும் சமன்பாடுகளும் ஆங்கிலச் சொற்களும் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும். வெப்பநிலையைக் குறிக்கும் 'டி' எழுத்து ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகி நின்றதை நான் வகுப்பில், மாணவர் கேட்ட பிறகுதான் பார்த்தேன். சமன்பாடுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, உரையை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு.

யூனிகோடில் இருந்தும் வரிகள் கட்டத்தை விட்டு வழிகிறதா? நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லை, வேறொன்று அகலமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பவர்பாயிண்டில் 'ஆப்ஷன்ஸ்', அதில் 'சேவ்', அதன் கீழே எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கும் டிக் இருக்கும். அல்லது விண்டோஸ் 8இலிருந்து கூடவே வரும் நிர்மலா எழுத்துருவில் செய்துவிடுங்கள்.

எடிட்டிங் மென்பொருளில் தலைப்பு போட்டால் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கிறது என்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் இயந்திரம் அதில் மேற்கத்திய மொழிகளுக்கானதாக இருக்கிறது. பிரீமியர் ப்ரோவில் 'கிராஃபிக்ஸ்' விருப்பங்களில் தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரத்தைத் தேர்ந்து, புதிதாகத் தலைப்பு தட்டினால் சரியாகும். அந்த வசதி இல்லாத மென்பொருளுக்கு ஒரு குறுக்கு வழி: தலைப்பைப் பவர்பாயிண்டில் தட்டி, படமாகச் சேமித்து, வீடியோவின் மேல் வையுங்கள்.

தமிழ் சப்டைட்டில் முழுவதும் கேள்விக்குறியாக வந்தால், நோட்பேடில் சேமிக்கும்போது கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இல்லை. கேள்விக்குறியான கோப்பு திரும்பாது, மூலத்திலிருந்து மறுபடி சேமிக்க வேண்டும்.

புரொஜெக்டரில் ஒன்றும் வரவில்லை

விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு பி-யை அழுத்தி 'டூப்ளிகேட்' தேருங்கள். படம் வருகிறது, சத்தம் லேப்டாப்பிலிருந்தே வருகிறது என்றால் விஜிஏ ஒயராக இருக்கும், அதில் ஒலி போகாது. தனி ஆடியோ ஒயர் வேண்டும். எச்டிஎம்ஐ என்றால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியை அழுத்திப் புரொஜெக்டரைத் தேருங்கள். படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் விஜிஏவின் நீலப் பின் தொடர்பில் இல்லை. திருகை இறுக்குங்கள், இல்லையென்றால் ஒயரை மாற்றுங்கள். புரொஜெக்டரைக் குறைசொல்லி வாரக்கணக்கில் ஓரம் கட்டி வைத்த வகுப்பறைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு பின் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆன்லைன் வகுப்பில் எதிரொலி, அல்லது நான் போட்ட வீடியோ அவர்களுக்குக் கேட்கவில்லை

ஒரே அறையில் இரண்டு கருவிகள் மைக் திறந்தபடி இருந்தால் எதிரொலி வரும். ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் நான்கு போனில் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஒரே போனில் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், டேட்டாவும் மிச்சம்.

ஜூமில் திரையைப் பகிரும்போது கீழே 'ஷேர் சவுண்ட்' டிக் செய்தால்தான் வீடியோவின் ஒலி போகும். கூகுள் மீட்டில் முழுத் திரைக்குப் பதிலாக குரோம் டேபைப் பகிர்ந்து, ஆடியோவையும் சேர்க்கும் பொத்தானை இயக்குங்கள். வகுப்பு பாதியில் அறுகிறதென்றால் இலவசக் கணக்காக இருக்கும்: ஜூமில் 40 நிமிடம், மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். கல்லூரி வழங்கிய கல்விக் கணக்கில் நுழைந்து கூட்டத்தைத் தொடங்குங்கள்.

பலகையில் எழுதியது உங்களுக்குக் கண்ணாடி பிம்பமாகத் தெரிகிறதா? உங்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கு நேராகத்தான் போகிறது.

"ஓப்பன் ஆகலை மேம்"

லிங்க்கை அனுப்புவதற்கு முன் பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்து ஒட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டால், மாணவருக்கும் அதுதான் வரும். கல்லூரிக் கணக்கிலிருந்து பகிரும் டிரைவ் கோப்புகளும் கூகுள் ஃபார்ம்களும் பெரும்பாலும் கல்லூரி முகவரி உள்ளவர்களுக்கு மட்டும் என்று அமைந்திருக்கும். மாணவர் போனிலோ சொந்த ஜிமெயில் இருக்கும். ஃபார்மின் அமைப்பில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

நேற்றுவரை திறந்த லிங்க் தேர்வுக்கு முந்தைய இரவு திறக்கவில்லை என்றால், குறுகிய நேரத்தில் மிக அதிகம் பேர் பார்த்ததால் டிரைவ் அந்தக் கோப்பைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கும். முன்னூறு பேர் பார்க்கப்போகும் வீடியோவை டிரைவில் வைக்காமல் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக வையுங்கள். அங்கே 15 நிமிடத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் கணக்கைப் போன் எண்ணால் சரிபார்க்க வேண்டும். ஏற்றிய உடனே படம் மங்கலாக இருந்தால் பதற வேண்டாம், தெளிவான பிரதி பின்னால்தான் தயாராகும். கருத்துப் பகுதி மூடியிருந்தால், 'குழந்தைகளுக்கானது' என்று குறித்திருப்பீர்கள்.

பாடக்குறிப்பும் தேர்வும் இணையத்தில் நடத்த உதவும் மூடுல் மென்பொருளைப் பயன்படுத்தும் கல்லூரிகளில் இரண்டு பழகிய தொல்லைகள். பத்து மணிக்குத் திறக்க வேண்டிய தேர்வு மாலை மூன்றரைக்குத் திறந்தால், சர்வர் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசமே சாட்சி. நிர்வாகி நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்ற வேண்டும். விடைத்தாள் படம் ஏற மறுத்தால், மூடுலை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு கோப்பை ஏற்றுவதற்கான தொடக்க எல்லை 2 எம்பி; இன்றைய போன் எடுக்கும் ஒரே படம் அதைத் தாண்டிவிடும். நிர்வாகி உயர்த்தும்வரை மாணவர்கள் ஸ்கேன் ஆப்பில் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றலாம். எல்லை தெரியாமல் இரவு பதினொன்றரை வரை ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்த மாணவியைப் பிற்பாடு 'தாமதம்' என்று குறித்தால் அது அநியாயம். தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்து ஏற்றச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

"டேட்டா முடிஞ்சுபோச்சு சார்"

இதைக் கோளாறு என்றே பலர் நினைப்பதில்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். 45 நிமிடப் பாடம், வினாடிக்கு 2.5 மெகாபிட் என்றால் சுமார் 840 எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி வைத்திருக்கும் மாணவருக்கு இரண்டு பாடத்தோடு நாள் முடிந்தது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது. அந்த மாதங்களில் என் வகுப்புக்கு வருவோர் எண்ணிக்கை கூடியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஸ்லைடும் குரலும் மட்டும் உள்ள பாடத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஹேண்ட்பிரேக்கில் 720 வரித் தெளிவு, வினாடிக்கு 15 படம், தர எண் 26, ஒலி மோனோ 64 கிலோபிட் என்று வைத்து மாற்றிப் பாருங்கள். திரையில் அசைவு குறைவு என்பதால் என் பாடங்கள் 100 எம்பி அளவுக்கு இறங்கின, எழுத்து அப்படியே தெளிவாக இருந்தது. குரலை மட்டும் தனியாகவும் கொடுங்கள், 45 நிமிடம் 22 எம்பிதான் வரும். ஊருக்குப் பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன் என்று சொன்ன மாணவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை நசுக்கி, ஸ்லைடின் சின்ன எழுத்தெல்லாம் கரைந்துவிடும்.

பார்க்கத் தொடங்குகிறார்கள், முடிப்பதில்லை

கருவியில் பிழை இல்லை, ஆனாலும் இது கோளாறுதான். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் கவனம் இடைநிலையாக 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அதில் தெரிந்தது. ஐஐடி ஆசிரியர்களின் விரிவுரைகளை இணையத்தில் தரும் என்பிடெல் திட்டம் 2003இல் தொடங்கியபோது ஒரு மணி நேர விரிவுரைகள் நாற்பது சேர்ந்தது ஒரு பாடம்; அறையில் நடந்ததை அப்படியே பிடித்த காலம் அது. அதிலிருந்து படித்து மேலே வந்தவர்கள் எத்தனையோ பேர் என்பதையும் மறுக்க மாட்டேன். தேர்வுக்குப் படிக்கிறவர் ஒரு மணி நேரமும் உட்காருவார். முதலாண்டு தமிழ்வழி மாணவருக்கு, முதன்முறை ஒரு கருத்தைக் கேட்கும்போது, எட்டு நிமிடத் துண்டுதான் உதவுகிறது. ஒரு துண்டு, ஒரு கேள்விக்குப் பதில்.

யூடியூப் ஸ்டுடியோவில் எந்த நிமிடத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஒரு கோடு காட்டும். அது சரியும் இடத்தைவிட மேலே எழும் இடத்தை நான் முதலில் பார்ப்பேன். என்ட்ரோபி பாடத்தில் 11ஆவது நிமிடத்தில் கோடு ஒரு மேடு போல எழுந்திருந்தது. மாணவர்கள் திரும்பத் திரும்ப அங்கே போய் நின்றிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். ஒரு படியை விளக்காமல் தாண்டியிருக்கிறேன். அந்தப் படிக்கு மட்டும், தாளில் பேனாவால் எழுதிக்காட்டி, மூன்று நிமிட வீடியோ ஒன்று சேர்த்தேன். பெஞ்சின் மேல் புத்தகங்களை அடுக்கி, ஸ்கேலின் நுனியில் போனைக் குப்புற நிறுத்தி எடுத்ததுதான். அந்த ஆண்டு அதிகம் பார்க்கப்பட்டது அதுதான்.

முறையான ஸ்டுடியோ வேண்டுமென்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் கல்விக்கான பல்லூடக ஆய்வு மையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்துக்குப் பாடங்கள் செய்ய நினைப்பவர்கள் அவர்கள் செய்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

கல்லூரி விழா வீடியோ முடக்கப்பட்டது, நேரலை அறுந்தது

ஆண்டுவிழா நடனத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூபின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும். முழு வீடியோவையும் எடுக்க வேண்டாம். ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை மட்டும் ஊமையாக்கும் வசதி உண்டு. அப்புறம், மாணவிகள் முகம் நெருக்கத்தில் தெரியும் காட்சிகளைப் பொதுவில் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள். கேட்டபோது "வேண்டாம் சார்" என்று தயங்கிச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்வையாளர் பக்கமிருந்து, தூரத்தில் எடுத்ததைப் போட்டால் போதும்.

யூடியூபில் முதன்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். விழா அன்று காலை திறக்கப் போய்த் தலையில் கைவைத்தவர்கள் உண்டு, இரண்டு நாள் முன்னாலேயே திறந்துவையுங்கள். முந்தைய நாள் காலி அரங்கில் சோதித்தது செல்லாது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்ததும் அதே டவரில்தான் சிம் போட்ட உங்கள் இணைய டாங்கிளும் நிற்கும். அலுவலகத்திலிருந்து அரங்கு வரை நெட்வொர்க் கேபிள் இழுத்து, 720 வரி, 2.5 மெகாபிட்டில் அனுப்புங்கள்; அனுப்பும் வேகம் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ரூட்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கேபிள் போக வழியே இல்லாத அரங்கம் என்றால் நேரலை வேண்டாம். கேமராவில் பதிவு செய்து அன்றிரவே ஏற்றிவிடுங்கள், ஊரிலிருக்கும் அம்மா அப்பா காலையில் பார்த்துக்கொள்வார்கள்.